நூற்றுப் பன்னிரண்டு துளைகள்

அந்தத் தட்டை நான்தான் செய்தேன். பட்டறையில் மிஞ்சிய எவர்சில்வர் தகட்டை, கரியடுப்பின் கம்பிகள் மேல் உட்காரும் அளவுக்கு வெட்டி, விளிம்பை மடித்து, நூற்றுப் பன்னிரண்டு துளை போட்டேன். வெறும் கம்பியில் மீனை வைத்தால் பாதி ஒட்டிக்கொள்ளும், பாதி உதிர்ந்து கரியோடு போகும். வெங்காயத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தட்டில் அந்தத் தொல்லை இல்லை. சூடும் புகையும் துளை வழியாக மேலே வரும், ஒரு பட்டாணிகூடக் கீழே விழாது. இருபது வருஷம் லேத்தில் நின்றவனுக்கு இது ஒரு வேலையா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். போன தடவை சுட்டது தட்டில் கருகி ஒட்டியிருந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த கம்பி பிரஷால், கொல்லையில் உட்கார்ந்து பளபளவென்று தேய்த்தேன். கம்பி பிரஷ் பட்ட இடத்தைத் துணியால் துடைக்காமல் விடக் கூடாது. இதற்காகப் பட்டறையில் நான் கத்தாத ஆள் கிடையாது. துணியைக் கையில் எடுத்தேன். அதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, ஈரத்துணியால ஒரு தடவை துடைச்சிடுங்க."

வந்ததே எனக்குக் கோபம். யாருக்கு யார் சொல்வது?

"என் வேலையை எனக்கே சொல்லித் தர்றியா? நீ போய் மீனைப் பாரு."

துணியை அங்கேயே போட்டேன். தட்டைத் தூக்கி அடுப்பின் மேல் வைத்தேன்.

மீன் அவ்வளவு அழகாக வந்தது. ஒரு துண்டும் உடையவில்லை. ஓரங்களில் வெங்காயமும் குடைமிளகாயும் கத்தரிக்காயும் பதமாக வெந்திருந்தன. "டேய், இதைச் செஞ்சு வித்தா நீ லேத்தையே மூடிடலாம்" என்றார் அண்ணன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலு துண்டு சாப்பிட்டேன். மனைவி உள்ளுக்கும் கொல்லைக்குமாக நடந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். நாங்கள் கை கழுவிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். சட்டென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, பேச்சு வரவில்லை.

"முள்ளு" என்றேன் நான். "மீனை வெட்டுனது யாரு? நீதானே? முள்ளெடுக்கத் துப்பில்ல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அடுப்பைக் காட்டினாள், தட்டைக் காட்டினாள்.

"அடுப்பு கெடக்கட்டும்மா, நீ இதை முழுங்கு" என்று அண்ணி வாழைப்பழத்தை வாயில் திணித்தார். விழுங்கிய மறுநொடி அவள் துப்பியதில் ரத்தம் இருந்தது.

பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். ஆஸ்பத்திரி போகும் வழி நெடுக, காரை ஓட்டிக்கொண்டே அவளைத் திட்டினேன். அவள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். திட்டினால் எதிர்த்துப் பேசுகிறவள். அன்று முதல் முறையாக நான் பேசி முடிக்கிறவரை யாரும் குறுக்கே வரவில்லை.

"என்ன மீன்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பெரிய மீன்தாங்க. இவதான் சரியா முள்ளெடுக்கலை."

மனைவி டாக்டரம்மாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டிக் கேட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் எழுதி, என்னிடம் தராமல் அவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

'நான் மீன் சாப்பிடவே இல்லை. எனக்கு மிஞ்சவில்லை. காய்தான் சாப்பிட்டேன்.'

இரண்டு தடவை படித்தேன். அவள் இலையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நான் பார்க்கவே இல்லை.

எக்ஸ்ரேயில் தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "முள்ளு இவ்வளவு பளிச்சுனு தெரியாது. இது உலோகம்" என்றார் டாக்டரம்மா. "பழம் குடுத்து இன்னும் ஆழமா இறக்கிட்டீங்க. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது. மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும்." காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா ஒரு சின்ன மருந்து டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே விரல்நகம் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பி.

"இது என்னன்னு தெரியுதா?"

தெரியாமல் என்ன? மாதத்துக்கு ஆறு பிரஷ் வாங்குகிறவன் நான்.

"என்னோடது" என்றேன்.

சாயங்காலம் அவள் கண் விழித்தாள். கட்டில் ஓரத்தில் போய் நின்றேன்.

"துணி கையிலதான் இருந்துச்சு. நீ சொன்னேங்கிறதுக்காகத்தான் துடைக்கலை" என்றேன்.

அவள் கரகரத்த குரலில் மெதுவாகக் கேட்டாள்.

"மீன் எப்படி இருந்துச்சு?"

நாலு துண்டு தின்றவன் நான்.