வெள்ளி வாங்க மறக்காதீங்க

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மருந்துக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே, இருமல் சிரப் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து உலகத்தில் இல்லாத பேய்களை ஒழித்துக்கொண்டிருப்பார்கள். காகிதம், பென்சில், இருபது முகமுள்ள ஒரு பகடை, இவ்வளவுதான் ஆட்டம். கடைக்காரி கதை சொல்வாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரராக அந்தக் கதைக்குள் புகுந்து அடி வாங்குவார்கள். மாத்திரை எண்ணும் தட்டில்தான் பகடை உருளும்; இருபது விழுந்தால் அது மரண அடி.

மூவரில் ஒருவன் கமா. அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. அச்சகத்தில் பிழை திருத்துகிறான். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பென்சிலை எடுப்பான். அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியது அவனுடைய அக்கா. அவள் பிசியோதெரபிஸ்ட், கை கால் முறிந்தவர்களை அதட்டி நடக்கவைப்பவள். அவள் புருஷன், அதாவது கமாவின் அத்தான், லிஃப்ட் மெக்கானிக். இவர்கள்தான் மற்ற இருவர்.

அன்றைக்குக் கமாவுக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிறு ஷட்டரைப் பூட்ட உதவுகிற சாக்கில், "ஒரு நாள் எங்கயாவது டீ குடிக்கப் போகலாமா?" என்று கடைக்காரியிடம் கேட்டுத் தொலைத்திருந்தான். "அடுத்த வாரம் சொல்றேன்" என்றாள் அவள். அந்த அடுத்த வாரம் இதுதான். முடியாது என்று சொல்லிவிட்டால் இந்த மேசைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான். அப்புறம் வரும் ஞாயிறுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கடைக்காரி கதையை ஆரம்பித்தாள். மலைக்கு அடியில் ஒரு கல்லறைக் கோட்டை. உள்ளே ஒரு ராஜாவும் நாற்பது சிப்பாய்களும். செத்து முந்நூறு வருஷமாகியும் படுக்க மனமில்லாமல் எலும்புக்கூடாக நடமாடுகிறார்கள். கோட்டை வாசலில் ஒரு கொல்லன் பட்டறை. பழைய ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு ஆளுக்கு ஒரே ஒரு புது ஆயுதம் எடுத்துக்கொள்ளலாம்.

"கோடரி," என்றார் அத்தான்.

"எதை வெட்டுவீங்க? சதையே இல்ல," என்றாள் அக்கா.

"அப்ப வில்லும் அம்பும்."

"விலா எலும்புக்கு நடுவுல பூந்து அந்தப் பக்கம் போயிடும்."

"தீப்பந்தம். முந்நூறு வருஷமா காஞ்ச எலும்பு, சும்மா திகுதிகுன்னு எரியும்."

"எரிஞ்சுகிட்டே வந்து உங்களைக் கட்டிப்பிடிச்சா?"

அத்தான் தன் காகிதத்தில் தீப்பந்தத்தை அடித்துவிட்டார்.

"எலும்பை வெட்டக் கூடாதுங்க. உடைக்கணும். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவங்களைத் தினம் பாக்குறேனே. பேசாம சம்மட்டி எடுங்க."

"அதுக்கு ஒரு வாளி சோப்புத் தண்ணி போதுமே," என்றார் அத்தான். அக்கா முறைத்தாள்.

இந்தக் களேபரத்தில் கடைக்காரி ஒரு மாத்திரை உறையை மடித்துக் கமாவின் பக்கம் தள்ளினாள். அது அந்த மேசையின் வழக்கம். ஒரு வீரனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இருந்தால் உறைமேல் எழுதிக் கொடுப்பாள். அவன் உறையை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது; வேண்டுமானால் வாயால் சொல்லலாம்.

கமா உறையைப் பிரித்தான்.

*வெள்ளி வாங்க மறக்காதீங்க*

மூன்று முறை படித்தான். தொழில் புத்தியில் எங்காவது ஒரு கமா, ஒரு முற்றுப்புள்ளி தட்டுப்படுகிறதா என்று தேடினான். கிடையாது. "காலை மாலை சாப்பிட்டு பின் பால் வேண்டாம்" என்று ஒரே மூச்சில் எழுதிப் பழகிய கை அது. ஆகவே இது ஒரே வாக்கியம், பிழையில்லாத வாக்கியம், ஆட்டத்தைப் பற்றிய வாக்கியம். டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் கடமை கடமைதான்.

"படிச்சீங்களா?" என்றாள் கடைக்காரி, தலையை நிமிர்த்தாமல்.

"படிச்சேன்."

"சரிதானே?"

"சரிதான். வெள்ளிதான்."

அவள் காது மடல் சிவந்தது. ஃபேன் வேகம் போதவில்லை என்று கமா நினைத்துக்கொண்டான். பிறகு மற்ற இருவர் பக்கம் திரும்பினான்.

"நல்லா கேட்டுக்குங்க. நம்ம எல்லாருக்கும் வெள்ளிதான்."

கடைக்காரியின் பென்சில் நின்றது. "எல்லாருக்குமா?"

"பின்ன? அக்காவையும் அத்தானையும் விட்டுட்டு நான் மட்டும் எப்படி?"

"நீங்க மட்டும்னு நினைச்சேன்."

"எனக்குத் தனியாப் போக பயங்க. கூட நாலு பேர் இருந்தாத்தான் தைரியம்."

"அப்படிங்களா," என்றாள் அவள். டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்பவர்களிடம் அவள் பேசும் குரல் அது.

அத்தான் பழைய ஆயுதத்தைக் கொடுத்து வெள்ளி வாள் எடுத்தார். கமாவும் வெள்ளி வாள். அக்கா என்னமோ முணுமுணுத்துக்கொண்டு தன் காகிதத்தில் கிறுக்கினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வது எலும்புக்கூடுகளுக்கு அவமரியாதை. கமாவின் வாள் முதல் மண்டையோட்டில் பட்டதும் வாழைப்பட்டை மாதிரி வளைந்தது. அத்தானின் வீரர் மூன்றாவது சுற்றில் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். கடைக்காரி எறிந்த வேகத்தில் பகடை தட்டைத் தாண்டிக் குதித்து, சிரப் பெட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. போய்ப் பார்த்தால் அங்கேயும் இருபது.

"ராஜா உங்க முன்னாடி வந்து நிக்கிறார்," என்றாள் கமாவிடம். "உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். 'ரெண்டு பேர் போதுமா, சித்தப்பா பெரியப்பாவெல்லாம் வரலையா?'ன்னு கேக்குறார்."

கமாவுக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளி ஏன் வேலை செய்யல?"

"அது ஓநாயா மாறுற மனுஷனை வெட்டத்தாங்க. எலும்புக்கு யாராவது வெள்ளி எடுத்துட்டு வருவாங்களா?"

"அப்புறம் ஏன் வாங்கச் சொன்னீங்க?"

"நான் எங்க வாங்கச் சொன்னேன்? *வாங்க*ன்னுதானே சொன்னேன்."

கமா உறையை எடுத்து மறுபடி பார்த்தான். வாய் மெதுவாகத் திறந்தது. எத்தனை ஆயிரம் பக்கங்களில் எத்தனை பேருடைய தப்பைப் பிடித்திருக்கிறான். தன் வாழ்க்கையின் ஒரே முக்கியமான வரியில் கோட்டைவிட்டுவிட்டான். அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி, எங்கே போவதென்று தெரியாமல் இருமலாக வெளியே வந்தது.

"வெள்ளி... கிழமைங்களா?"

அவள் மேசையைப் பார்த்துத் தலையாட்டினாள். அக்கா அவளையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சட்டென்று பகடையைக் கையில் எடுத்தாள்.

"ராஜா இன்னும் நிக்கிறாரா? நான் சம்மட்டியால அடிக்கிறேன்."

"உன்கிட்ட ஏது சம்மட்டி?" என்றார் அத்தான்.

"இவன் பேச்சை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

பகடை தட்டில் சுழன்று இருபதில் நின்றது. ராஜா மண்டையிலிருந்து குதிகால்வரை பொலபொலவென்று உதிர்ந்தார். அத்தான் தூணைவிட்டுக் குதித்து, நிஜ நாற்காலியையும் கவிழ்த்தார். அந்தக் கூச்சலில் கமா காதிலிருந்த பென்சிலை எடுத்து, உறையில் 'வாங்க'வுக்குப் பக்கத்தில் அழகாக ஒரு கமா போட்டு, கடைக்காரி பக்கம் தள்ளினான். அவசரத்தில் அதன் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

அவள் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு வார்த்தையைச் சேர்த்துத் திருப்பித் தள்ளினாள்.

*வெள்ளி தனியா வாங்க, மறக்காதீங்க*

கமா அதைச் சட்டைப் பையில் போடுவதற்குள் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டார்.

"மளிகைக் கடைக்கா போற, மாப்ளே? எனக்கும் கால் கிலோ தனியா வாங்கிட்டு வா."

"முடியாது அத்தான்," என்றான் கமா. "இது தனியா."