எல்லாம் ஒரே இடத்தில்

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அண்ணன் தொண்டையைச் செருமினாலே குட்டிக்குத் தெரிந்துவிடும், ஏதோ புதுத் திட்டம் வரப்போகிறது என்று. அன்றைக்கு இரண்டு முறை செருமினான்.

"இனிமே போர்டு தனி, நோட்ஸ் தனின்னு வேணாம். ரெண்டையும் ஒரே ஆப்ல கொண்டாந்துடலாம். எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். யாரும் யாரையும் கேட்டுட்டு இருக்க வேண்டியதில்ல."

'இப்ப மட்டும் யார் கேக்கறீங்களாம்' என்று குட்டி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். மாத்திரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த ஃபோன், அண்ணனுக்கும் அக்காவுக்கும் மின்விசிறியையும் அவளுடைய ஒரு காதையும் காட்டிக்கொண்டிருந்தது.

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் குட்டிதான். கடைக்குட்டி. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனபோது, யார் பார்த்துக்கொள்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேசியது கொஞ்ச நேரம்தான். கல்யாணம் ஆகாதவள், அதே வீட்டில் இருப்பவள், எதிர்த்துப் பேசாதவள் என்று எல்லாத் தகுதியும் ஒருத்தியிடமே கொட்டிக் கிடக்கும்போது வேறு என்ன பேச? அவள் வேலை பார்த்த பல் லேபில் சம்பளமில்லாத விடுப்பு போட்டாள். மெழுகில் பல் செதுக்கி, பிறகு அதை அச்சில் வார்த்துப் பல் செட் செய்யும் வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

இந்த மாதக் கடைசியில் லேப் முதலாளி ஒரு கெடு வைத்திருந்தார். திரும்பி வருகிறாளா, இல்லை வேறு ஆளைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். குட்டி இதை அண்ணனிடமும் அக்காவிடமும் முன்பே சொல்லியிருந்தாள். அண்ணன் சும்மா இருந்துவிடவில்லை. உடனே, மூன்று பேரும் ஃபோனில் பார்க்கும் வேலைப் போர்டில் ஒரு கார்டு போட்டான்: 'அப்பாவைப் பார்த்துக்க மாற்று ஏற்பாடு.'

கட்டட கம்பெனியில் பெரிய பெரிய வேலைகளை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே நகர்த்துகிறவன் அவன். அவனைப் பொறுத்தவரை உலகம் நான்கு பத்திகளால் ஆனது. 'செய்ய வேண்டியவை', 'நடந்துகொண்டிருப்பவை', 'முடிந்தவை', 'பிறகு'. அந்தக் கார்டில் முதலில் பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டான். ஒரு வாரம் கழித்து அதை அக்கா பெயருக்கு மாற்றினான். வெளியூரில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருக்கும் அக்காவுக்குப் பெயரை மாற்றத் தெரியவில்லை. அதனால் கீழே 'பார்க்கலாம்' என்று எழுதினாள். அதோடு அந்தக் கார்டு கல்லுளிமங்கன் மாதிரி முதல் பத்தியிலேயே உட்கார்ந்துவிட்டது.

நோட்ஸ் குட்டியுடையது. அப்பா என்ன சாப்பிட்டார், எப்போது தூங்கினார், எந்த விரல் அசைந்தது என்று தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். லேபில் ஆர்டர் சீட்டு எழுதுகிற பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு சின்னக் கோடு போட்டே எழுதுவாள். அப்பாவைப் பற்றிய வரிகளுக்கு நடுவே தன்னைப் பற்றிய வரிகள் எப்போது நுழைந்தன என்று அவளுக்கே தெரியாது. யாருக்காகவும் எழுதியதில்லை. டாக்டரிடம் காட்டும்போது அந்த இடங்களை விரலால் மேலே தள்ளிவிடுவாள்.

"உன் நோட்ஸ் லிங்கை அனுப்பு" என்றான் அண்ணன்.

ஒரு கையில் அப்பாவுக்குப் பால் புகட்டும் ஸ்பூன். மற்றக் கையால் அனுப்பிவிட்டாள். அனுப்பும் முன் யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கென்று மண்டைக்குள் ஓர் அறை இருந்தது. அது பல மாதமாகப் பூட்டியே கிடந்தது.

ஃபோன் அதிர ஆரம்பித்தது. நின்று, மறுபடி அதிர்ந்து, பிறகு விடாமல் அதிர்ந்து, மாத்திரை டப்பாவிலிருந்து சரிந்து மெத்தையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். கோடு போட்ட வரியெல்லாம் செய்ய வேண்டிய வேலை என்று அந்த ஆப் எடுத்துக்கொண்டிருந்தது. எழுதியவள் அவள் என்பதால் பொறுப்பும் அவளே. முதல் பத்தி கிடுகிடுவென்று கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

'அப்பா ரொட்டியைத் துப்பிட்டார்.' பொறுப்பு: குட்டி.

'இடுப்புல படுக்கைப் புண்.' பொறுப்பு: குட்டி.

'அப்பா அழுதார்.' பொறுப்பு: குட்டி.

அண்ணன் சிரித்தான். "பார்றா, கோடு போட்டதையெல்லாம் டாஸ்க்குன்னு நினைச்சுக்கிச்சு. பரவால்ல, எல்லாரும் லைன்ல இருக்கோம், இப்பவே கிளீன் பண்ணிடலாம்."

தன் திரையை எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தான். அலுவலகக் கூட்டத்தில் வாசிக்கிற குரல். 'காலையில் பால் பாதி டம்ளர்' — அழி. 'இடது கையால ஸ்பூனைப் பிடிச்சார்' — இருக்கட்டும், நல்ல செய்தி. 'மருந்துக் கடையில களிம்பு' — இது நிஜமான டாஸ்க், வைத்துக்கொள்.

"அது என்னடி, அப்பா அழுதாரா?" என்றாள் அக்கா. "எப்ப?"

"போன மாசம்."

"ஏன் சொல்லல?"

"எழுதியிருக்கேனேக்கா."

அண்ணன் அழித்தான். அடுத்தது: 'தூக்கம் இல்ல.'

"டாக்டர்கிட்ட கேட்டியா? லேசா ஒரு மாத்திரை குடுப்பாரே."

"அப்பாவுக்கு இல்ல. எனக்கு."

"ஓ" என்றான் அண்ணன். அதையும் அழித்தான்.

'அப்பாவைத் திட்டிட்டேன்' வந்தபோது பாதி வாசித்து நிறுத்தினான். அக்கா கேமராவை விட்டு வேறெங்கோ பார்த்தாள். குட்டிக்கு முகம் சுடவில்லை. வேறு யாரோ திட்டிய மாதிரிதான் இருந்தது. அப்பா இன்னொரு வாய்க்காக வாயைத் திறந்து காத்திருந்தார். புகட்டினாள்.

அடுத்த வரியை, அது என்ன என்று தெரிவதற்குள் அண்ணன் அதே குரலில் வாசித்துவிட்டான்.

"என்னால முடியல. பொறுப்பு, குட்டி."

அதற்கடுத்ததும் அதுதான். கீழே தள்ளினான். நடுவே களிம்பும் பாலும் வந்துவிட்டு மறுபடி அதுதான். அண்ணன் வாசிப்பதை நிறுத்தினான். ஆப் நிறுத்தவில்லை. நட்ட நடுவில் ஒரு கட்டம் போட்டுக் கேட்டது: 'ஒரே மாதிரியான பணிகள் உள்ளன. ஒன்றாக இணைக்கவா?' இப்படிக் கேட்டால் ஆம் என்று அமுக்கியே பழகிய கை அண்ணனுடையது. அமுக்கிவிட்டது. அத்தனையும் ஒரே கார்டாக ஒன்றின் மேல் ஒன்று போய் ஒட்டிக்கொண்டன. உடனே இன்னொரு கட்டம்: 'இது வாரந்தோறும் வருகிறது. தொடர்பணியாக மாற்றவா?' அதற்கும் கை பழக்கப்படியே நடந்துகொண்டது.

அக்கா வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது. இப்போது கேட்பார்கள் என்று குட்டி நினைத்தாள். அவளாக வாய் திறந்து சொல்ல வராத ஒன்றை ஒரு மெஷின் அவள் சார்பில் தண்டோரா போட்டுவிட்டது. இனி அவர்கள் கேட்க வேண்டியதுதான் பாக்கி. ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"இதை..." என்றான் அண்ணன். "இதை இப்போதைக்கு 'பிறகு'ல போட்டு வைக்கறேன். தனியா பேசிக்கலாம்."

"ஆமா, தனியா பேசிக்கலாம்" என்றாள் அக்கா, விட்டால் போதும் என்கிற மாதிரி.

"சரி" என்றாள் குட்டி. பிறகு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், "அண்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள லேபுக்குச் சொல்லணும். அந்த மாற்று ஏற்பாடு கார்டு..."

"இருக்கு, இருக்கு. அதை மறப்பேனா? மேலேயே வச்சிருக்கேன். பாரு, சிவப்புக் கலர் குடுத்துட்டேன்."

கொடுத்திருந்தான். நல்ல பளிச்சென்ற சிவப்பு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அப்பாவைத் துடைத்துவிட்டு மறுபக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் மணியடித்தது. அண்ணன் தனியாகப் பேசக் கூப்பிடுகிறான் என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஆப்தான். 'என்னால முடியல — இன்று செய்ய வேண்டியது.' பக்கத்தில் டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். டிக் அடித்தாள். 'அருமை! அடுத்தது: வரும் செவ்வாய்' என்று வந்தது. போய் அப்பாவுக்குப் போர்த்திவிட்டாள்.

தனியாகப் பேசியது அக்காதான். புதன்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து. பின்னால் ஒரு வகுப்பே பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காதடி. உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா அந்த மாதிரியெல்லாம் எழுதாத. என் பெரிய பையனும் அந்த ஆப்ல இருக்கான். தாத்தாவைத் திட்டினேன், முடியலன்னு சித்தி எழுதியிருந்தா பிள்ளை மனசுல என்ன நினைக்கும்?"

"எல்லாரும் பாக்கறதுக்குன்னு எழுதலக்கா."

"தெரியும்டி. இருந்தாலும்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நான் வந்து ஒரு மாசம் இருக்கலாம்னுதான் பாக்கறேன். பரீட்சை நேரமாப் போச்சு."

"பரீட்சை முடிஞ்சதும் வர்றியா?"

"முடிஞ்சா பேப்பர் திருத்தணும்ல?"

குட்டி மேற்கொண்டு கேட்கவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் அவளுக்கும் மூக்குமேல்தான் கோபம். அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறாள். இப்போது உள்ளே துழாவிப் பார்த்தாள். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. குத்தினாலும் தெரியாது. ஆனால் அங்கே ஏதோ பெரிதாகத் தடித்திருப்பது மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை அண்ணன் ஆப்பில் படுக்கைப் புண்ணுக்கான களிம்பைப் பற்றி ஒரு கட்டுரை போட்டான். சிவப்புக் கார்டில் ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிவாக்கில் லேப் முதலாளி கூப்பிட்டார். எல்லாரிடமும் எரிந்து விழுகிற மனுஷன். குட்டியிடம் மட்டும் குரல் இறங்கிவிடும்.

"புதுசா ஒரு பையனை வச்சுப் பாத்தேன். அவன் செதுக்கற பல்லு குதிரைக்குத்தான் பொருந்தும். உங்க கை வராது. திங்கக்கிழமை வர்றீங்களா, என்னன்னு சொல்லிடுங்க."

அப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் போட்டுக்கொண்டிருந்த பல் செட் குட்டியே செய்தது. படுக்கையில் விழுந்த பிறகு வாய் சுருங்கி, அது பொருந்தாமல் போய்விட்டது. பற்கள் இல்லாத முகம் யாருடைய முகமோ மாதிரி இருந்தது. அவரை விட்டுவிட்டுப் போக அவளால் முடியும். அதுதான் உண்மை. நிம்மதியாகப் போவாள், சாயங்காலம் வரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். யாராவது ஒருவர் அவர் கட்டிலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் போதும்.

"சார், அந்தப் பையனையே வச்சுக்கங்க" என்றாள். "பழகப் பழகக் கை வந்துடும்."

"உங்க கத்தியெல்லாம் மேசையில அப்படியே இருக்கும்மா."

"அவனுக்கே குடுத்துடுங்க சார்."

ஃபோனை வைத்துவிட்டு, அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. பால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். துணிகளை மடித்தாள். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சத்தம் நிற்கும்வரை ஜன்னல் பக்கம் நின்றாள். பிறகு வந்து அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தாள்.

சிவப்புக் கார்டு மேலேயே இருந்தது. இதுவரை அவளாக எந்தக் கார்டையும் நகர்த்தியதில்லை. நகர்த்துவதெல்லாம் அண்ணன் வேலை. விரலை வைத்து இழுத்தாள். ஒன்றும் கஷ்டமாக இல்லை. 'முடிந்தவை' பத்தியில் கொண்டுபோய் விட்டதும் திரை முழுக்கக் கலர்க் காகிதத் துணுக்குகள் பறந்தன.

அப்பாவின் மருந்துச் சீட்டைக் கேட்டால் இரண்டு நாள் கழித்துப் பதில் போடுகிற அண்ணன், அடுத்த நிமிஷமே எழுதினான்.

'சூப்பர் குட்டி, கலக்கிட்டே. பெரிய பாரம் இறங்குச்சு. யாரு கிடைச்சாங்க? எவ்வளவு கேக்கறாங்க?'

'நான்தான்' என்று எழுதினாள் குட்டி. 'ஒண்ணும் கேக்கல.'

இரண்டு பேரும் படித்துவிட்டார்கள் என்று காட்டியது. அண்ணன் ஏதோ எழுத ஆரம்பித்து நிறுத்தினான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா ஒரு இதயம் போட்டாள்.