ஐந்தாம் வாசலில் ஒரு கடை

அந்த ஊரில் அவள் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு, குரல் தெரியாதவர் கிடையாது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நகராட்சி பஸ் நிலையத்தில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது அவள்தான். ஊரே அவளை ‘மைக்கு’ என்றது. வீட்டில் அவள் வாய் திறப்பது அபூர்வம் என்பது புருஷனுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும்.

“ஊருக்கெல்லாம் வழி சொல்றா, வீட்ல உப்பு டப்பா எங்கேன்னு கேட்டா கையை மட்டும் நீட்டுறா” என்பார் புருஷன்.

அந்த ஊர் நகராட்சி ஒரு விளையாட்டரங்கம் கட்டியது. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கக் காசில்லை என்று வருஷக்கணக்காகக் கையை விரித்த அதே நகராட்சிதான். கட்டி முடித்த சூட்டோடு அதை நகராட்சித் தலைவரின் மச்சானுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டார்கள். டிக்கெட், விளம்பரப் பலகை, கடை வாடகை எல்லாம் மச்சானுக்கு. பெயின்ட் உரிந்தால், குழாய் உடைந்தால் அது நகராட்சிக்கு. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் ஊரைக் குறை சொல்லும் யோக்கியதை மைக்குவுக்கும் அப்போது இல்லை, ஏனென்றால் அந்த நெய்யில் ஒரு துளி அவள் வீட்டு இலையிலும் விழுந்திருந்தது. அரங்கத்துக்கான அறிவிப்புகளைப் பதிவு செய்ய அவளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறையில் நின்று, எழுதிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் வாசித்தாள். “கிழக்கு கேலரியில் உள்ள ரசிகர்கள் நான்காம் வாசல் அல்லது ஐந்தாம் வாசல் வழியாக அமைதியாக வெளியேறவும்.” ஆபத்துக்கான அறிவிப்பு அது. எந்த வாசல் பக்கம் புகை வந்தாலும் கருவி அதை விட்டுவிட்டு மற்ற வாசலைச் சொல்லுமாம், அதற்காக ஒவ்வொரு வாசலையும் தனித்தனியாகவும் சொல்லச் சொன்னார்கள். குரல் பிரமாதம் என்று மகிழ்ந்துபோன அரங்க மேனேஜர், அவள் புருஷனுக்கு அரங்கத்திலேயே ஒரு குளிர்பானக் கடைக்கு ஏற்பாடு செய்தார். முழங்கால் போய் பஸ் ஓட்டுவதை விட்டிருந்த புருஷனுக்கு அது பெரிய விஷயம். அவளுடைய நகைகள் முன்பணமாகப் போயின.

திறப்பு விழாவுக்கு முன்பு, அலமாரி மாட்ட ஒத்தாசைக்குப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கடை ஒரு அகலமான நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பின்சுவர் வெறும் பலகை. ஓரத்தில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு பெரிய இரும்புக் கதவு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் வகை. அதன் மேல் பச்சை நிறத்தில் ஐந்து என்று எழுதியிருந்தது.

அவள் இடுக்கிலிருந்து முகத்தை எடுத்தாள்.

“ஏங்க, இது வாசல்ங்க.”

“வாசலா இருந்தது. இப்ப கடை” என்றார் புருஷன், ஆணியை வாயில் வைத்துக்கொண்டே.

“நான் இந்தப் பக்கம் வாங்கன்னு பேசியிருக்கேன்.”

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். “அவங்களுக்குத் தெரியாததா? கேட்டுட்டு வா. கேட்கிறப்ப பக்குவமா கேளு, கடை போயிடப் போகுது.”

பக்குவமாகத்தான் கேட்டாள். மேனேஜர் சிரித்தார். சிரிப்பில் கோபம் இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “அக்கா, அந்த அறிவிப்பு ஒரு நாளும் ஓடப்போறதில்ல. சும்மா சட்டத்துக்கு. ஒரு வாசலைச் சும்மா வச்சிருந்தா யாருக்கு லாபம்? அந்த இடத்துல உங்க வீட்டுக்காரர் பிழைக்கிறார். வேணாம்னா சொல்லுங்க, வேற ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க.”

அவள் வேணாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நகை போயிருந்தது, புருஷன் பல மாதங்களுக்குப் பிறகு சீட்டியடித்துக்கொண்டு சட்டை மாட்டுகிறார், மகள் கல்லூரியில் இருக்கிறாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அன்றிலிருந்து பஸ் நிலையத்தில் தன் குரலே கூரையில் மோதித் திரும்பி வரும்போதெல்லாம் அவளுக்கு ஐந்தாம் வாசல்தான் ஞாபகம் வந்தது.

திறப்பு விழா நாளில் நேரடி அறிவிப்புக்கும் அவளையே உட்கார வைத்தார்கள். மேற்குப் பக்கம் உச்சியில் கண்ணாடி அறை. பக்கத்தில் ஒலிபெருக்கிக்காரர், பின்னால் மேனேஜர். எதிரே கிழக்கு கேலரி நிரம்பி வழிந்தது. அதில் எங்கேயோ தோழிகளோடு அவள் மகள் இருந்தாள், ஓசி டிக்கெட், மேனேஜர் தந்தது. கேலரிக்கும் மைதானத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு கம்பி வேலி. வெளிநாட்டுப் புல்லாம், யார் காலும் படக்கூடாதாம்.

தலைவர் பேசி முடித்து ஆட்டம் சூடுபிடித்த நேரம். நான்காம் வாசல் பக்கம் கரும்புகை எழுந்தது. அந்த நடைபாதையையும் பாதி அடைத்துப் பலகாரக் கடை போட்டிருந்தார்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. அதே நொடியில் அரங்கம் முழுக்க அவள் குரல் கேட்டது, அவள் வாய் மூடியிருக்கும்போதே.

“கிழக்கு கேலரியில் உள்ள ரசிகர்கள் ஐந்தாம் வாசல் வழியாக அமைதியாக வெளியேறவும்.”

இனிமையான குரல். ஊருக்கே பழகிய குரல். ஜனங்கள் நம்பினார்கள். கேலரி மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஐந்தாம் வாசல் படிகளில் இறங்க ஆரம்பித்தது. முன்னால் போனவர்கள் கடையைப் பார்த்து நின்றிருக்க வேண்டும், பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. அவள் மகளின் மஞ்சள் துப்பட்டாவைத் தேடினாள். நூறு மஞ்சள் தெரிந்தது.

“நிறுத்துங்க அதை.”

“தானா ஓடுறது அக்கா, நிறுத்த முடியாது” என்றார் ஒலிபெருக்கிக்காரர். “நடுவுல கொஞ்சம் இடைவெளி விடும். அப்ப வேணா பேசலாம்.”

மேனேஜர் மேஜை மேலிருந்த மைக்கைக் கையால் மூடினார். “ஒரு வார்த்தை பேசாதீங்க. தலைவர் உட்கார்ந்திருக்கார். நீங்க ஒண்ணு சொல்லி, குரல் ஒண்ணு சொன்னா கலவரம்தான்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளை எதிர்த்து அவளே பேசினால் எந்த ‘அவளை’ நம்புவார்கள்? அறிவிப்பு இரண்டாம் முறை ஓடி முடிந்தது. அவள் மேனேஜரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அழகான தமிழ் ஒன்றும் வாயில் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது, அதுவும் அழுகையோடு.

“ஏங்க, நான்தாங்க பேசுறேன். கேக்குதா? அந்தப் பலகையை உடைங்க. கடை போனா போகட்டும். ஃபிரிட்ஜைத் தள்ளிட்டு உடைங்க, பின்னாடி கதவு இருக்கு. எல்லாரும் அப்படியே நில்லுங்கப்பா, தள்ளாதீங்க. அங்க வழி இல்ல. வழி இருக்குன்னு சொன்னது நான்தான், நான் சொன்னது பொய். இவர் உடைக்கிற வரைக்கும் நில்லுங்க. என் பொண்ணும் அங்கதான் நிக்குது.”

அரங்கம் ஒரு கணம் ஊமையானது. மைக்கு அழுது யாரும் கேட்டதில்லை. பின்வரிசைகள் நின்றன. பதிவுக் குரல் மறுபடி இனிமையாக வெளியேறச் சொன்னது. ஒருவரும் அசையவில்லை. அந்த நிசப்தத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து பலகை பிளக்கும் சத்தம் வந்தது. முழங்கால் சரியில்லாத மனுஷர் எதைக்கொண்டு உடைத்தாரோ.

யாரும் சாகவில்லை. சிலருக்குக் கை கால் முறிந்தது. உடைந்த பாட்டில்களின் மேல் மகள் செருப்பில்லாமல் நடந்து வெளியே வந்திருந்தாள், பாதம் முழுக்கத் தையல். புருஷன் வாசலில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு, “நல்லா சத்தமாத்தான் கூப்பிட்ட” என்றார்.

விசாரணை நடந்தது. அறிவிப்பாளர் பீதியைக் கிளப்பினார் என்று முடிவானது. கடைக்காரர் அரங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதால் முன்பணம் திரும்பாது. இதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத ஒன்று பிறகு நடந்தது. ஐந்தாம் வாசலில் மறுபடி கடை வந்தது, இந்த முறை பின்சுவரைச் செங்கல்லில் எழுப்பினார்கள். பலகை பலமில்லை என்று நகராட்சியே செலவை ஏற்றுக்கொண்டது.

அவள் மேனேஜரிடம் ஓடினாள். “சரி, என் குரலையாவது எடுத்துடுங்க.”

“அதை நாங்க வாங்கிட்டோமேக்கா” என்றார் அவர், அதே கோபமில்லாத சிரிப்போடு. “அது எங்க குரல். பஸ் நிலையத்துல இருக்கிற வேலையாவது பத்திரமா வச்சுக்குங்க.”

அடுத்த ஆட்டம் வந்தது. சாயங்கால வண்டிகள் எல்லாம் அரங்கத்துக்குப் போகும் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கின. பையன்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள். மைக்கு தன் மாடி அறையில் உட்கார்ந்திருந்தாள். இந்தச் சம்பளம்தான் இப்போது வீட்டில் மிச்சம். எதிர் மேஜையில் அவளுடைய மேலதிகாரியான நேரக் காப்பாளர், அடுத்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர், வண்டி நேரம் எழுதிக்கொண்டிருந்தார். அவளுக்குப் பயம் போகவில்லை. போகும் என்று காத்திருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

பட்டனை அழுத்தினாள்.

“அரங்கத்துக்குப் போறவங்க கேளுங்க. கிழக்கு கேலரியில உட்காராதீங்க. ஐந்தாம் வாசல்ல கடை இருக்கு, கடைக்குப் பின்னாடி செங்கல் சுவர் இருக்கு. அங்க என் குரல் வாங்கன்னு கூப்பிட்டா போகாதீங்க. அது நான் இல்ல.”

கீழே கூட்டம் நின்று அண்ணாந்து பார்த்தது. சிலர் கையிலிருந்த டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். நேரக் காப்பாளரின் மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எடுக்கவில்லை.

போன் விடாமல் அடித்தது. அவள் மறுபடி பட்டனை அழுத்தினாள்.