திரைக்கு இந்தப் பக்கம்

முற்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். வெயில் விழுந்த பக்கம் கயிற்றுக் கட்டிலில் நாவலாசிரியர் சக்லைன்; அதன் கால்மாட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு அவர் அக்கா சுக்ரா; சுவரோரம் பிரம்பு மோடாவில் அக்கா மகள் ரிம்ஷா.

கராச்சிப் பத்திரிகை ஒன்று கேட்டிருந்தது: எங்கே வளர்ந்தீர்கள், யாரைப் பார்த்து எழுத வந்தீர்கள், எப்படி எழுதுகிறீர்கள். சக்லைன் வரிசையாகப் பதில் எழுதி முடித்திருந்தார். எதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் அவர் அனுப்பியதில்லை. பண்ணை வீட்டில் பாடப்போவதை முதலில் தம் வீட்டில் சொல்லிப் பார்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியதுதான் சுக்ராவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாண வீடுகளில் பெரிய மனிதர்களின் வம்சாவளி பாடி, கேலி பேசிப் பிழைத்த, ஊர் கீழாக எண்ணிய மீராசிகள் அவர்கள். கமாலியா ஊருக்குக் குடிவந்ததும் பெயரோடு குரைஷி என்ற உயர்குலப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள், யாரும் கேட்கவில்லை. இப்போது ரிம்ஷாவுக்கு ஃபைசலாபாத்தில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறது.

"அவங்க காதுக்குப் போனா கல்யாணம் நிக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?" என்றாள் சுக்ரா.

முழுதும் கேள், வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றார் சக்லைன்.

இரண்டாம் பதிலுக்கு வந்தார். கஞ்சப் பண்ணையார் ஒருவர், ஊர் சௌத்ரி, அவர் வீட்டுக் கல்யாணம். புலாவில் கறியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அப்பா எழுந்து, "சௌத்ரி சாகிபுக்கு இளகின மனசு. ஆட்டை அண்டாவுல குளிப்பாட்டிட்டு உயிரோட அனுப்பிட்டாரு" என்றார். பந்தல் அதிர்ந்தது. ஒரே வரியில் ஒரு மனிதனைக் கண்முன் நிறுத்திவிடலாம் என்று அன்றுதான் புரிந்தது என எழுதியிருந்தார்.

சுக்ராவின் கை சுளையோடு நின்றது.

"அது அப்பா சொன்னதில்ல."

"நான் பக்கத்துலயே இருந்தேன்க்கா."

"நீ ஆம்பளைங்க பக்கம் இருந்தே. நான் திரைக்கு இந்தப் பக்கம் அம்மாகூட இருந்தேன். அம்மாதான் சொன்னா. சௌத்ரி பொண்டாட்டியே கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம்தான் அது திரையைத் தாண்டி அப்பாகிட்ட வந்துச்சு. எல்லாக் கல்யாணத்துலயும் அப்படித்தான்."

இது தெரியாமலே இத்தனை நாவல் எழுதிவிட்டேனே என்றார் சக்லைன்.

"அதான் உன் நாவல்ல பொம்பளைங்க அழுதுகிட்டே இருக்காங்க."

ரிம்ஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு, காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டாள். சுக்ரா உரித்த சுளையை அவள் கையில் வைத்தாள்.

"அம்மா பேரை எழுதட்டும். பத்திரிகை வர்றதுக்குள்ள நானே ஃபைசலாபாத் போய் நாம யாருன்னு சொல்லிடறேன். அப்புறம் அவங்க இஷ்டம்."

"நானும் வரேன்" என்றாள் ரிம்ஷா.

சக்லைன் இரண்டாம் பதிலை முதலிலிருந்து எழுதினார். அம்மாவின் பெயரில், பஷீரான் பீபி என்று தொடங்கினார். திரும்பப் படித்தபோது சுக்ரா இரண்டு இடத்தில் திருத்தினாள், ஓரிடத்தில் சிரித்தாள். ரிம்ஷா உறையை ஒட்டினாள். மத்தியானத் தபால் கட்டுவதற்குள் சக்லைன் போய்ப் பெட்டியில் போட்டார்.