ரதிதேவி கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பாள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு விதமாகச் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். புலம்பெயர்ந்த வாழ்வின் தனிமை, இரண்டு பெண்களின் நட்பு என்றெல்லாம் தொடங்கலாம், வாசிக்கிறவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் காரணம் பொறாமைதான். நல்ல வயிற்றெரிச்சல். ஹில்ஸ்பரோவில் இருக்கும் ரதிதேவி மேல், மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் செல்வநாயகியாகிய எனக்கு.

நான் எழுதுகிறவள். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் எங்கள் ஆட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோக்கொப்பி அடித்து வெளியிடும் சஞ்சிகையில் இதுவரை பதினொரு கதை எழுதியிருக்கிறேன். பதினொன்றையும் கையெழுத்துப் பிரதியிலேயே முதலில் வாசித்தவள் ரதி. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பாள். "முடிவு தெரியாட்டி எனக்கு நெஞ்சு படபடக்குமப்பா" என்பாள். நான் மண்டையை உடைத்து ஒளித்து வைத்த முடிவை ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஆறுதலாக முதற்பக்கத்துக்கு வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது பன்னிரண்டாவது. இதைச் சனிக்கிழமை காலைக்கு முன் முடித்தாக வேண்டும். சனிக்கிழமை ரதி ஒரு போர்வையைத் தோய்க்கப் போகிறாள். தண்ணீர் பட்டால் அந்தப் போர்வை பழுதாகும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2

தொடக்கங்கள்.

"கார் டப்போ நகரத்தைத் தாண்டியபோது வானம்

அந்த வானத்தை எனக்குத் தெரியாது. நான் அந்தக் காரில் இல்லை.

"ரதிதேவி ஒரு சுயநலக்காரி."

நல்ல தொடக்கம், இல்லையா? சின்ன வசனம், சுள்ளென்று இருக்கிறது. ஒரே குறை, அது பொய். அழகாக இருப்பதால் அடிக்காமல் விடுகிறேன்.

"மூன்று வருஷமாக இரண்டு பெண்கள் ஒரு வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார்கள்."

சரி, இதை வைத்துக்கொள்வோம். வரைபடம் டொறீனுடையது. டொறீன் எங்களுக்குக் குயில்ற் பழக்கியவள். துணியைத் துண்டு துண்டாக வெட்டி, பொருத்தி, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையைத்தான் இங்கே குயில்ற் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மவுண்ட் ஆல்பர்ட் சேர்ச் மண்டபத்தில் பன்னிரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ரதி, நான். டொறீன் பிறந்தது அவுஸ்திரேலியாவில் கோதுமை விளையும் பகுதியில். அங்கே எவ்வளவு சின்ன ஊரிலும் ஒரு துணிக்கடை இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு ஆசை மூட்டினாள். சிட்னியிலிருந்து மோரீ வரை காரில் போவது, ஊருக்கொரு துணி வாங்குவது, திரும்பி வந்து ஆளுக்கொரு போர்வை தைப்பது. அதுதான் திட்டம். சீவியத்தில் நான் எனக்கென்று போட்ட ஒரே திட்டம்.

3

போன வருஷம், தொண்ணூற்றாறு ஒக்ரோபர். ரதிக்கு நியூசிலாந்துப் பாஸ்போட் வந்துவிட்டது. அவளுக்கு அவுஸ்திரேலியா பக்கத்து வீடு மாதிரி. எனக்கு இன்னும் இலங்கைப் பாஸ்போட், விசா வேண்டும்.

[முதற்பிரதியில் "விசா மறுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தேன். மறுக்கப்படவில்லை. விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பிந்திப் போட்டேன். நேரத்துக்கு வரவில்லை. பிழை என்னுடையது.]

"நீர் வராமல் நான் போகேல்லை நாயகி. அடுத்த வருஷம் போவம்" என்றாள் ரதி.

"சீச்சீ, ரிக்கற் எடுத்தாச்சு. நீரும் மனுசனும் போட்டு வாருங்கோ."

"உண்மையாத்தான் சொல்லுறீரோ?"

"ஓமப்பா. எனக்கென்ன?"

அவள் நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரம். இன்னொரு தரம் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அவளும் நின்றிருப்பாள். கேட்கவில்லை. புருஷன் குலசிங்கத்தோடு போய்விட்டாள்.

[முதற்பிரதியில் அவள் எனக்குச் சொல்லாமலே போனதாக இருந்தது. அந்தப் பிரதி எவ்வளவு நன்றாக ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது.]

4

இனிப் பயணம். ரதி சொன்னது, முப்பத்தாறு படங்கள், டொறீனின் வரைபடம், இவ்வளவுதான் என் கையில். ஆகவே ஒரு களவு செய்கிறேன். பின்சீற்றில் என்னை ஏற்றுகிறேன்.

குலசிங்கம் ஓட்டுகிறார். ரதி முன்னால். நான் பின்னால், பக்கத்தில் புட்டு வைத்த ஐஸ்பெட்டி. மலையைத் தாண்டியதும் வீடுகள் குறைகின்றன, பிறகு மரங்களும் குறைகின்றன, ரோட்டு மட்டும் நேரே போகிறது. இருபக்கமும் எண்ணெய்க்கு விதைத்த செடி, எங்கள் கடுகு மாதிரி மஞ்சட் பூ, கண் போகும் தூரத்துக்கு. கங்காரு குறுக்கே பாய்ந்துவிடும் என்ற பயத்தில் குலசிங்கம் பட்டப்பகலில் மைலுக்கொரு தரம் ஹோன் அடிக்கிறார். "கங்காரு என்ன கேற்றைத் திறந்துகொண்டே வரப்போகுது, விடுங்கோப்பா" என்று ரதி சிரிக்கிறாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு தெரு, ஒரு தானியக் கோபுரம், ஒரு பேக்கரி, ஒரு துணிக்கடை.

கூனபரபிரான் என்ற ஊருக்கு அப்பால் டொறீனின் தங்கையின் பண்ணை. அங்கே ஒரு பழைய போர்வையைக் காட்டினார்கள். கோதுமை மாச்சாக்கையும் பழைய கோட்டுத் துணியையும் சேர்த்துத் தைத்தது. கஷ்ட காலத்தில் வயலில் படுத்த ஆண்கள் போர்த்தியது. அதை வாகா என்பார்களாம். ரதி அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"ஏன் அழுதனீர்?" என்று பிறகு கேட்டேன்.

"தெரியேல்லை. சாக்கிலை மில்லின்ரை பேர் இன்னும் தெரிஞ்சுது" என்றாள்.

அந்த இடத்தில் நானும் அழுததாக ஒரு பந்தி எழுதினேன். அடித்துவிட்டேன். பின்சீற்றில் உண்மையில் இருந்தவை ஐஸ்பெட்டியும் துணிப்பைகளும்தான்.

5

ரதி என்கிற இந்தப் பாத்திரம் எனக்கு ஒத்துழைக்கவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறவளாக இருந்தால் கதை எளிதாகப் போயிருக்கும். பயணத்தால் வந்த அடுத்த நாளே, உடம்பு அலுப்புத் தீரமுதல், பைகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது ஊர், ஒன்பது துணி. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு.

"கடைக்காரி கேட்டவள், ஏன் எல்லாம் ரெண்டு ரெண்டா வாங்கிறீர் எண்டு. நாங்கள் ரெண்டு பேர், மற்றவ பிறகு வருவா எண்டனான்."

நீங்கள் என்றால் கண் கலங்கியிருப்பீர்கள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. வெறுக்கவும் விடாத மனுஷியை என்ன செய்வது? "இவருக்குப் பசிக்கும்" என்று என் வீட்டுக்காரர் சோதிலிங்கத்தைச் சாட்டி அனுப்பிவிட்டேன். (*)

(*) அவர் அப்போதுதான் சாப்பிட்டு எழும்பியிருந்தார். அவள் போனபின், "உமக்கு விசர்" என்றார்.

என் பங்கு ஒன்பது துண்டும் இன்னும் பையிலேயே கிடக்கிறது. வெட்டவில்லை.

6

இனித்தான் குற்றம்.

டொறீனின் வகுப்பில் ஒரு வழக்கம். ஒருத்தி போர்வையின் நடுப்பகுதியை மட்டும் தைத்துக் கொடுப்பாள். அது மாதத்துக்கொரு வீடாகச் சுற்றும்; போன வீட்டிலெல்லாம் ஒரு கரை தைத்துச் சேர்ப்பார்கள். சொந்தக்காரி கடைசியில்தான் பார்க்கலாம். போர்வையோடு ஒரு சின்னக் கொப்பியும் வரும். என்ன துணி, தோய்த்த துணியா என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். சாயம் போகிற துணியை வெட்டுமுன் தோய்க்காதவளை டொறீன் வகுப்பில் வைத்திருக்க மாட்டாள்.

ரதி தைத்த நடுப்பகுதி அந்த மஞ்சள் வயல். குறுக்கே மண்ணிறத்தில் நேரான ரோட்டு. ரோட்டில் சின்னதாக ஒரு கார். இந்த வருஷம் மே மாதம் என் மேசைக்கு வந்தது. எடுத்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. நான் ஒரு சொல்லும் எழுத முடியாமல் கிடந்த பயணத்தை அவள் துணியில் சொல்லி முடித்துவிட்டாள்.

அலுமாரியில் ஒரு சிவப்புக் கைத்தறிச் சேலை இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாங்கினது, ஒருநாளும் உடுக்காதது, தண்ணி படாதது. அந்தச் சிவப்பின் முதல் தண்ணி எப்படி இருக்கும் என்று எங்கள் பெண்கள் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. வாளியோடு தனியே வைப்போம். அதில் நீள நீளமாக நாலு கீலம் கிழித்து, மஞ்சளைச் சுற்றி மூன்றாவது கரையாகத் தைத்தேன். தையல் அருமையாக வந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிறகு கொப்பியை எடுத்து ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுதினேன். தமிழில் சொன்னால்: தோய்ச்சது.

நான் எழுதிய கதைகளில் மிகச் சின்னது அதுதான். எல்லோரும் நம்பினார்கள்.

7

ஓகஸ்டில் கண்காட்சி. ரதியின் போர்வைக்கு நீல ரிப்பன், முதற்பரிசு. நான் கை தட்டினேன், உள்ளங்கை எரிந்தது. என் மேசையில் வெறும் துண்டுகளாகத் தெரிந்தவை, சுவரில் மாட்டியிருந்த போர்வையைத் தூரத்தில் நின்று பார்த்தபோதுதான் காரின் யன்னல்களாகக் கண்ணில் பட்டன. முன்னால் இரண்டு. பின்னால் ஒன்று, இரண்டு விரல் அகலத்தில் ஊதாத் துண்டு. என்னுடைய பழைய ஹவுஸ்கோட்டுத் துணி. எப்போதோ சாம்பிளுக்கென்று அவளுக்குக் கொடுத்தது.

"பின்னாலை இருக்கிறது ஆரெண்டு தெரியுதோ?" என்றாள் ரதி.

நாலாம் பகுதியில் என்னைப் பின்சீற்றில் ஏற்றினேனே, அது என் கற்பனை இல்லை. அவளிடம் எடுத்தது. எனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டதை அவள் இரண்டு விரல் துணியில் செய்திருந்தாள். வெட்கம் வந்தது, ஓம். ஆனால் அதைவிடப் பொறாமைதான் கூட வந்தது. எழுதுகிறவள் நானா அவளா?

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுவரில் தொங்கும்வரை ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் ரதி சொன்னாள், மெல்பேணில் இருக்கும் மகள் பிரணவிக்குப் பிள்ளை பிறக்கப்போகுதாம், போர்வை பேரப்பிள்ளைக்காம்.

"சனிக்கிழமை வெயிலாம். பாத் ரப்பிலை இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுத் தோய்க்கப் போறன். சின்னப்பிள்ளைக்குத் தோய்க்காமல் குடுக்கலாமே?"

டொறீன் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பயமில்லை, எல்லாம் தோய்த்த துணிதான் என்றாள்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். இரண்டு தரம் எடுத்தேன். முதல் தரம் குலசிங்கம் எடுத்தார், வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் ரதியே எடுத்தாள். ஒடாஹுஹுக் கடையில் நல்ல பயிற்றங்காய் வந்திருக்கிறது என்று கால் மணித்தியாலம் கதைத்தேன்.

8

முடிவுகள்.

ஒன்று: ரதி தோய்க்கிறாள். சிவப்பு இறங்கி மஞ்சள் வயல் முழுக்கப் பரவுகிறது, ரோட்டையும் காரையும் மூடுகிறது. நான் ஓடிப்போய், "ஐயோ, எப்பிடியப்பா இப்பிடி?" என்று அவளைக் கட்டிப்பிடிக்கிறேன். இதை இரண்டு பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே திறமான இரண்டு பக்கம். வாசித்துப் பார்த்தபோது என்னை எனக்கே பயமாக இருந்தது. கிழித்தாயிற்று.

இரண்டு: ரதிக்கு எப்போதோ தெரியும். அவளும் யாழ்ப்பாணத்துப் பெண், அந்தச் சிவப்பைக் கண்டால் தெரியாதா? சிரித்துக்கொண்டே மன்னிக்கிறாள். இது வேண்டாம். இதில் அவள் இன்னும் நல்லவளாகிறாள். இதற்குமேல் அவளை நல்லவளாக்க என்னால் ஏலாது.

மூன்று: நான் போய்க் கதவைத் தட்டுகிறேன். ரதி திறக்கிறாள். நான்

நான் வாயைத் திறந்தால் பயிற்றங்காய்தான் வரும். எனக்கு எழுதத்தான் தெரியும்.

ஆகவே அடுத்த பக்கம் உங்களுக்கு எழுதியதல்ல. இந்தக் கதையை நீங்கள் சஞ்சிகையில் வாசிக்கிறீர்கள் என்றால், ரதி பிரதியைத் திருப்பித் தந்திருக்கிறாள் என்று விளங்கிக்கொள்ளுங்கள். என்ன சொல்லித் தந்தாள் என்பதை அச்சில் போடமாட்டேன்.

9 (கடைசிப் பக்கம், உறைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது)

ரதி, நீர் வழக்கம்போல இதைத்தான் முதலில் எடுத்திருப்பீர்.

போர்வையைத் தண்ணியில் போடாதேயும்.

மூன்றாவது கரை, சிவப்பு, நான் தைத்தது. அது தோய்க்காத துணி. கொப்பியில் நான் எழுதினது பொய். மறதியில் எழுதினதல்ல, தெரிந்துதான் எழுதினேன். நீர் போனீர், நான் போகவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைப் பெரிதாக்கத்தான் மிச்சப் பக்கங்கள்.

உறையோடு உள்ள பையில் அதே சிவப்பில் நாலு கீலம் இருக்கிறது. அளந்து வெட்டினது. உப்புத்தண்ணியில் ஐந்து தரம் தோய்த்தேன். நாலாம் தரமும் வாளி சிவந்தது, ஐந்தாம் தரம் தெளிந்தது. என் சொல்லை நம்பாதேயும். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பாரும். பழையதைப் பிரிப்பது இரண்டு பேருக்கு ஒரு பகல் வேலை. ஒருத்திக்கென்றால் இரண்டு நாள்.

எனக்கு இன்னும் பொறாமைதான். அது இந்தச் சிவப்பு மாதிரி ஐந்து தண்ணியில் போகாது போலிருக்கிறது.

இதை உமது வீட்டுக்கு எதிரே, காருக்குள் இருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை காலை, மணி எட்டரை. பின்வளவில் உமது துணிக்கொடி தெரிகிறது, இன்னும் ஒன்றும் காயப்போடவில்லை. தபால்பெட்டிக்குள் இதை வைத்துவிட்டு வந்து, குலசிங்கம் கங்காருவுக்கு அடிக்கிற மாதிரி ஹோனை நீளமாக ஒருதரம் அடிப்பேன். வந்து எடும். நின்ற இடத்திலேயே வாசியும். கையைக் காட்டினீரென்றால் இறங்கி வருவேன். ஊசியும் கத்திரிக்கோலும் கொண்டுவந்திருக்கிறேன். கதவைச் சாத்தினீரென்றால் போய்விடுவேன்.

முடிவு தெரியாவிட்டால் நெஞ்சு படபடக்கும் என்பீரே, எனக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது. பேனையையும் உறைக்குள் போடுகிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன்.