ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

நான் கடலுக்குப் போனது இவருக்கு எப்படித் தெரியும்?

ஜாக்குலின் அந்தக் கேள்வியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள். திங்கட்கிழமை காலை. செங்கல்பட்டு ஜிஎஸ்டி சாலையோரத்து மாடியில் அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகம். முதலாளி ஜெயக்குமார் டீ டம்ளரோடு அவள் மேசையைக் கடக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்: "இன்னாம்மா, நேத்து மகாபலிபுரத்துல வெயிலு ஜாஸ்தியா?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா ரெஜினாவிடம் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு, தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினாள். மணலில் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரையாவது பார்க்கப் போனேன் என்றால் வீட்டில் அழுது ஓய்ந்துவிடுவார்கள். சும்மா உட்காரப் போனேன் என்றால் யார் நம்புவார்கள்? சொல்லிப் பார்த்தால் அவளுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

பேருந்தில் திரும்பித் திரும்பிப் பார்த்த ஆளை நினைத்துப் பார்த்தாள். சுண்டல் விற்ற பெண்ணைக்கூடச் சந்தேகப்பட்டாள். கடைசியில்தான் கைப்பேசியும் அதில் திறந்து வைத்திருந்த செயலியும் ஞாபகம் வந்தன.

தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றுக்காக அவள் பைத்தான் கணினி மொழியில் எழுதிய இணையச் செயலி அது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிறவள் கைப்பேசியில் அனுமதிச் சீட்டைத் திறந்து விடுதி கேட்டில் காட்ட வேண்டும். அவள் கேட்டில்தான் நிற்கிறாளா என்று செயலி ஒரே ஒருமுறை இடம் பார்க்கும். ஜாக்குலின் எழுதியது அவ்வளவுதான். சோதித்துப் பார்க்கத் தன் பெயரிலேயே ஒரு சீட்டுப் போட்டு, திரை அணையாதபடி நேற்று நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்தாள்.

கிளவுடில், அதாவது இணையத்து சர்வரில், ஓடிய செயலியின் சோதனைப் பிரதி சேமித்திருந்த பதிவுகளைத் திறந்தாள். 11.40, 11.45, 11.50. ஒவ்வொரு வரியிலும் அவள் பெயர், அவள் உட்கார்ந்திருந்த இடம்.

செயலியின் நிரலில் பதினோரு வரிகள் புதிதாக இருந்தன; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைக் குறித்து வரைபடத்தில் காட்டும் வரிகள். சனிக்கிழமை சாயங்காலம், ஜெயக்குமார் சேர்த்தது. குறிப்பு: 'சின்னத் திருத்தம்'. அந்த வரைபடத்தைப் பார்க்க அனுமதி இரண்டே பேருக்கு. ஒருவர் அவர், இன்னொருவர் விடுதிக்காரர் ராஜாராம்.

சோதனைப் பிரதி, யார் எதைச் சேர்த்தாலும் தானே எடுத்துக்கொள்ளும். விடுதிப் பெண்கள் பயன்படுத்தப்போகும் நிஜப் பிரதியை ஏற்றும் உரிமை மட்டும் அவள் கணக்கில் இருந்தது. தப்பு நடந்தால் ஒருத்தர் தலையில் இருக்கட்டும் என்று அப்படி வைத்தவரும் ஜெயக்குமார்தான். இன்று பன்னிரண்டு மணிக்கு ஏற்றியாக வேண்டும்.

"சார், இது இன்னா சார்?"

"அதுவா? ராஜாராம் அண்ணாத்த கேட்டாரு. பொண்ணுங்க எங்க சுத்திகினு கீதுங்கன்னு தெரிய வேணாமா? சேஃப்டிம்மா."

"அதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா எவ போன எடுத்துகினு போவா?"

"என்னுத ஏன் சார் பாத்தீங்க?"

"உங்கம்மா போன் பண்ணாங்க, வேலை எப்ப முடியும்னு. ஆபீசே பூட்டிக் கீதேன்னு மேப்பத் தொறந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் சொல்லல. வேல நடக்குதுன்னுட்டேன். நமக்குள்ள இருக்கட்டும்."

அந்தக் கனிவுதான் அவளைக் கூச வைத்தது. அவளுடைய இரண்டு மணி நேரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பத்திரமாக இருக்கிறது என்கிறார். விடுதியில் நூற்றெண்பது பெண்கள். எங்கே போனாய் என்று கேட்கப்படும் நாளில், போட்டுக்கொடுத்தது யாரென்று பக்கத்துக் கட்டில்காரியைச் சந்தேகப்படுவார்கள். தோழியோடு பேச்சை நிறுத்துவார்கள். கையிலிருக்கும் கைப்பேசியை ஒருத்தியும் சந்தேகப்படமாட்டாள். அவளே எத்தனை பேரைச் சந்தேகப்பட்டுவிட்டு அதனிடம் வந்தாள்!

"பன்னெண்டு ஆவப் போவுது. ராஜாராம் காத்துகினு கீறாரு. ஒரே பட்டனு, அமுக்கிடு."

"அந்தப் பதினோரு வரிய எடுத்துட்டா ஏத்துறேன் சார்."

"அதுக்குத்தானம்மா இந்த வேலையே நமக்கு வந்துச்சு." காலி டம்ளரை அவள் மேசைமேல் வைத்தார். "அப்புறம், உங்கம்மா திரும்பக் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

ஜாக்குலின் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன் சார்" என்றாள். "இத நான் ஏத்த மாட்டேன்."