இரண்டாவது பற்றரி

கணவர் பேர்னாட்டையும் அவருடைய கூட்டாளி பௌஸியையும் ஒரு மீன்பிடி வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கொன்ஸ்ரன்ஸ் மட்டக்குளிக் கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். பத்தரைக்கு வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். பன்னிரண்டரைக்குத்தான் களனி ஆற்றின் வளைவில் முதலில் நீல வள்ளமும், அதன் பின்னால் அவர்களுடைய வெள்ளைப் போட்டும் தெரிந்தன. பேர்னாட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் லோஞ்ச் ஓட்டியவர். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு எந்தக் காற்றிலும் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். எழுபது வயதில் இன்னொருவனின் கயிற்றில் கரைக்கு வருகிறவர் தொப்பியைத் தலையில் வைத்திருக்க முடியாதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"பாட்டுப் போட்டதுல பெட்டரி அப்படியே எறங்கிட்டு," என்றார் பௌஸி, சாரத்தின் நுனியைப் பிழிந்தபடி. அவரும் லோஞ்சில் வேலை பார்த்தவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் போன வருஷம் அந்தப் பழைய பைபர் போட்டை வாங்கினார்கள். "இஞ்சின் ஒரு சுத்துக் கூட சுத்தல்ல. கயித்த இழுத்துப் பாத்தோம். ரெண்டு பேருக்கும் தோள்ல பெலன் இல்ல. தண்ணி அப்படியே முகத்துவாரப் பக்கம் இழுத்துட்டுப் போகுது. அல்லாஹ் காப்பாத்தினான்."

அன்று பின்னேரமே மகள் ரொஷேல் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ. சாப்பாட்டு மேசையில் கைப்பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் தகப்பனுக்கு முன்னால் இருந்தாள்.

"டடா, அந்தப் போட்டை வித்துப்போடுங்கோ. கடலுக்குள்ள போயிருந்தா நாங்கள் எங்க தேடுறது? ரெண்டு பேரும் வந்து எங்களோட இருங்கோ. லிப்ட் இருக்கு, சேர்ச் பக்கத்தில. என்ன சொல்லுறீங்கள்?"

பேர்னாட் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். "ஓம் மகள், மீன் நல்லாத்தான் இருக்கு," என்றார்.

ரொஷேல் தாயைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அழுகையும் கோபமும் கலந்திருந்தன. கொன்ஸ்ரன்சுக்கு அது புதிதல்ல. இரண்டு மூன்று வருஷமாகவே அவர் இப்படித்தான். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. வேறெதையாவது சொல்வார், அல்லது சிரித்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போவார். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. வயது போகப் போக மனுசனுக்கு வீம்பு கூடிவிட்டது என்று அவள் தங்கச்சி யோசெப்பினிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். பேசிப் பேசி அலுத்து, அவளும் பேச்சைக் குறைத்துவிட்டாள். வீட்டில் இப்போது சுவர் மணிக்கூட்டின் சத்தம்தான் பெரிது.

மகள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் திடீரென்று ஒரு கேள்வி வந்தது. பாட்டையும் இஞ்சினையும் ஏன் ஒரே பற்றரியில் மாட்டினார்கள்? மாட்டியவன் கார் மெக்கானிக். காரில் அப்படித்தான் மாட்டுவார்கள். கார் நின்றுபோனால் இறங்கி நடக்கலாம். தண்ணீரில் இறங்கி நடக்க முடியுமா? இரண்டு பற்றரி வேண்டும். ஒன்று இஞ்சினைக் கிளப்ப மட்டும், மற்றது பாட்டுக்கு. கை சவர்க்காரத்திலிருக்க, தலைக்குள் வயர்கள் தாமாகவே ஓடிப் பொருந்தின. அப்படி ஓடி நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பதினெட்டு வயதில் அவள் இரத்மலானையில் ஒரு ரேடியோத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். மருதானையில் ஏறினால் ரயில் கடலோரமாகவே போகும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் உப்புக் காற்று ஜன்னலால் வந்து பூசும். கல்கிசை வருவதற்குள் பின்னிய தலை கலைந்துவிடும். வெள்ளை மேலங்கி போட்ட நாற்பது பெண் பிள்ளைகள் ஒரு நீள மேசையில் இருப்பார்கள். ஒருத்தி பலகையை வைப்பாள், ஒருத்தி வால்வு போல ஒன்றை நடுவாள், ஒருத்தி ஈயம் வைப்பாள். கொன்ஸ்ரன்ஸ் மேசையின் கடைசி. ஸ்பீக்கர் வயர் இரண்டையும் பற்றவைத்து, சுவிச்சைப் போட்டுப் பார்ப்பது அவளுடைய வேலை. அந்தத் தொழிற்சாலையில் செய்த ஒவ்வொரு ரேடியோவும் முதன்முதலாக வாய் திறந்தது அவளுடைய கையில்தான். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது. சிலது வாய் திறக்கும்போதே செய்தி வாசிக்கும், சிலது பாடும். சூடான ஈயத்தின் புகையும் பாட்டும் சேர்ந்த மணம் ஒன்று இருந்தது. பிறகு வெளிநாட்டுச் செட்டுகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. எழுபத்தொன்பதில் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். கடைசி நாள் எல்லாரும் மேலங்கியை மடித்து மேசையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

பேர்னாட் அவளுக்கு அறிமுகமானதும் ஒரு ரேடியோவால்தான். லோஞ்சிலிருந்து கடலில் விழுந்த சின்ன டிரான்சிஸ்டரைத் துவாயில் சுற்றிக்கொண்டு அவளுடைய வீட்டு வாசலுக்கு வந்தார், யாரோ சொல்லி. அவள் அதை நல்ல தண்ணீரில் கழுவி, மூன்று நாள் காயவைத்து, உப்புப் பிடித்த இடங்களைச் சுரண்டி ஈயம் வைத்துக் கொடுத்தாள். அடுத்த கிழமை திரும்பி வந்தார். திரும்பவும் பழுதாம். திறந்து பார்த்தால் ஒரே ஒரு வயர் கழன்றிருந்தது. அதற்கடுத்த கிழமையும் அதே வயர். அவள் ஈயம் வைத்துப் பற்றவைத்தது அப்படி விடாது. மூன்றாம் தடவை அவள் அதைப் பற்றவைத்துக்கொண்டே, தலை நிமிராமல், "இனி இதைக் கழட்டாதீங்கோ. சும்மாவே வரலாம்," என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு மருதானை பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றுக்குப் போனாள். கடைக்காரப் பொடியன் துண்டை வாங்கி வாசித்தான். இரண்டாவது பற்றரி, முழுக்க இறங்கினாலும் திரும்பச் சார்ஜ் ஏறக்கூடிய வகை, உப்புக்குக் கறுக்காத ஈயம் பூசிய வயர், பியூஸ் இரண்டு, நடுவில் மாட்டும் ஒரு ரிலே. அவன் அவளையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாஸ் கவுத அம்மே?" என்றான். வேலை செய்கிற பாஸ், அதாவது மெக்கானிக், யாரென்று சிங்களத்தில் கேட்டான்.

"மம தமய், மல்லி," என்றாள் அவள். நான்தான், தம்பி.

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து மூன்று நாள் வேலை செய்தாள். கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. ஈயம் உருகும் இடத்துக்கு வந்ததும் விரல்களுக்குப் பழைய வழி தானாகவே தெரிந்தது. பேர்னாட் வந்து வந்து பார்த்தார். அவரே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து பேப்பரின் ஓரத்தில் வைத்துவிட்டு, எதிரில் இருந்து அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்து நாற்பத்துமூன்று வருஷத்தில் அவர் தேத்தண்ணி ஊற்றிய நாட்களை அவளால் விரல்விட்டு எண்ணிச் சொல்ல முடியும்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் மட்டக்குளிக்குப் போனார்கள். போட் சின்ன மரத்துறையில் கட்டியிருந்தது. பௌஸி பாரமான புதுப் பற்றரியைத் தூக்கி இறக்கினார். பேர்னாட் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பட்டியால் இறுக்கினார். கொன்ஸ்ரன்ஸ் பலகையில் முழங்காலிட்டு, பாட்டுப் பெட்டியின் வயரைப் பழைய பற்றரியிலிருந்து அறுத்துப் புதியதில் கொடுத்தாள். பழைய பற்றரிக்கு இனி இஞ்சினைக் கிளப்புவது ஒன்றுதான் வேலை.

"அப்ப புதுசு எறங்கினா எப்படிச் சார்ஜ் ஆகும்?" என்று பௌஸி கேட்டார்.

"இஞ்சின் ஓடேக்க முதல்ல பழசு நிரம்பும். நிரம்பின பிறகு இந்த ரிலே கதவு திறந்த மாதிரித் திறந்து புதுசுக்கு விடும். இஞ்சினை நிப்பாட்டினா கதவு பூட்டிடும். பாட்டு எவ்வளவு குடிச்சாலும் வீட்டுக்கு வாறதுக்கு வைச்சதில கை வைக்க ஏலாது."

"மாஷா அல்லாஹ்," என்றார் பௌஸி.

பேர்னாட் போட்டின் பின்பக்கத்தில், அவளுக்கு முதுகு காட்டி, ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவள் சுவிச்சைப் போட்டாள். நீல வெளிச்சம் வந்தது. பழைய பைலாப் பாட்டொன்று இரண்டு ஸ்பீக்கரிலும் சுத்தமாக, கரகரப்பில்லாமல் எழும்பியது. துறையில் நின்ற பௌஸி தலையை ஆட்டத் தொடங்கினார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒன்று அவளுடைய கையில் வாய் திறந்திருக்கிறது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார் என்று காத்திருந்தாள்.

பாட்டின் முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியும் முடிந்தது.

"எப்ப கொன்ஸி போடப்போறாய்?" என்றார் பேர்னாட், ஆற்றைப் பார்த்தபடியே.

அவளுக்கு முதலில் பகிடி என்றுதான் பட்டது. பிறகு பௌஸியைப் பார்த்தாள். அவர் ஆடிக்கொண்டிருந்த தலையை நிறுத்தி, காலடியில் கிடந்த கயிற்றைக் குனிந்து எடுத்து, சுற்றத் தேவையில்லாத கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆற்றில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது போல.

அவள் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினாள். நீல வெளிச்சத்தில் எண்கள் ஏறின. பன்னிரண்டு. பதினாறு. இருபது. அக்கரையில் துணி தோய்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தாறில் அவருடைய தோள் அசைந்தது. முப்பதில் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் எதிர்பார்த்திருந்த அதே சிரிப்பு.

மீன் நல்லாத்தான் இருக்கு. பின்னால் நின்று கூப்பிட்டுத் திரும்பாத முதுகுகள். மேல்வீட்டுக்காரர் வந்து டிவிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்ன அன்றிலிருந்து அவர் டிவியே பார்க்காமல் விட்டது. பாட்டுக் கேட்க ஒரு போட் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தது. ஒவ்வொன்றாக வந்து பொருந்தின. கூடவே, அந்த வருஷங்களில் அவரைப் பற்றி அவள் யோசெப்பினிடம் சொன்னவையும் வந்தன. காது சுட்டது.

அவள் சத்தத்தைக் குறைத்து, எழுந்து, அவருக்கு முன்னால் போய் நின்று சொன்னாள்: "ஒரு வயர் கழண்டிருந்தது. அதுதான் சுணங்கினது."

அவர் அவளுடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எங்கே பார்த்துக் கேட்கிறார் என்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

"உன்ர கையில வயர் கழராது," என்றார் பேர்னாட் மெதுவாக.

பௌஸி வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லி, போட்டைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். இரண்டு பேரும் தனியாகவே போனார்கள். பேர்னாட் கடல் பக்கம் போகாமல் போட்டை ஆற்றின் மேல்பக்கம் திருப்பினார். அரை மணித்தியாலம் ஓடி, கண்டல் மரங்கள் சாய்ந்து நிற்கும் ஒரு திருப்பத்தில் இஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டார். அவள் பாட்டைப் போடவில்லை. அவருக்கு எதிரில், முழங்கால் முட்ட இருந்தாள்.

"எப்ப தொடக்கம்?"

"இடப்பக்கக் காது லோஞ்ச் ஓட்டேக்கயே போயிட்டுது. மற்றது இப்ப மூண்டு வருஷமா."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். பதிலுக்கு வேறெதையாவது சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். பழக்கதோஷம்.

"சொன்னா நீ கத்திக் கதைப்பாய்," என்றார். "யோசெப்பின்ட காது கேக்காத புருசனோட எல்லாரும் கதைக்கிற மாதிரி. கத்தினா அது உன்ர குரல் இல்லை கொன்ஸி. உன்ர குரல் எனக்கு ஞாபகம் இருக்கு. அதைக் குழப்ப விருப்பமில்லை."

அவள் பற்றரிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல காலம், தலைக்கு ஒரு கணக்கு இருந்தது. முப்பதில் வைத்தால் எவ்வளவு இழுக்கும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். வாங்கிய பற்றரி அதற்குச் சின்னது. மூன்று மணித்தியாலம் தாங்காது. இரண்டு, கூடினால் இரண்டரை. பெரியதாக ஒன்று மாற்ற வேண்டும். காதுக்கு ஒரு டொக்டரைப் பார்க்க வேண்டும். பார்க்க வைக்க வேண்டும். ரொஷேலிடம் சொல்ல வேண்டும். எதை, எவ்வளவு என்று தெரியவில்லை. வெள்ளவத்தையில் லிப்ட் இருக்கும், சேர்ச் பக்கத்தில் இருக்கும். முப்பதில் பாட்டு வைக்க இடமிருக்காது.

"கத்த மாட்டன்," என்றாள், சாதாரணக் குரலில், முகத்தை அவருக்கு நேராக வைத்து, ஒவ்வொரு சொல்லாக. "முன்னால வந்து நிண்டு கதைக்கிறன். நீங்களும் மீனைப் பற்றிச் சொல்லாமல், கேக்கேல்லை எண்டு சொல்லோணும்."

அவர் தலையாட்டினார். "சொல்லுறன்."

"இப்ப நான் சொன்னது விளங்கினதோ?"

"பாதி," என்றார் பேர்னாட். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

அவள் பாட்டைப் போட்டு முப்பதுக்குத் திருப்பினாள். போட்டின் பைபர் உடம்பு முழுக்க அதிர்ந்தது. கண்டல் மரத்திலிருந்து கொக்குகள் எழும்பிப் போயின. இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். ஒருவரும் கதைக்கவில்லை, ஆனால் அது வீட்டிலிருந்த அமைதி இல்லை. பன்னிரண்டு மணிபோல பாட்டு மெல்லத் தேய்ந்து, நீல வெளிச்சம் ஒருமுறை மினுங்கி அணைந்தது. அவர் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அவள் சாவியைக் காட்டினாள். அவர் திருப்பினார். ஒரே திருப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போட்டைத் திருப்பினார்.

கொஞ்சத் தூரம் ஓடியதும் ரிலே 'டிக்' என்று திறக்கும் சத்தம் கேட்டது, அவளுக்கு மட்டும். கொஞ்ச நேரத்தில் பாட்டும் உயிர் பெற்றது, அதே முப்பதில். பாலத்துக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்த ஒரு மனிதன், வலையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையைத் தலைக்கு மேலே உயர்த்திக் கோபமாக ஆட்டினான். குறை, குறை, மீன் எல்லாம் ஓடுது என்று அவனுடைய வாய் சொல்வது அவளுக்குத் தெரிந்தது. பேர்னாட் அவனைக் கண்டு, முகம் மலர்ந்து, கையை உயர்த்தி ஆட்டினார். கொன்ஸ்ரன்சின் கை குமிழ் வரை போனது. பிறகு அவளும் கையை எடுத்து, உயரத் தூக்கி, அந்த மனிதனுக்கு ஆட்டினாள்.